"ரொமான்ஸ்": ஒரு வார்த்தையின் வரலாறு



சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பாவசங்கீர்த்தனம் கேட்டு முடித்து அறைவீட்டுக்குத் திரும்பியபோது, வராந்தாவில் ஒரு தாயும் மகளும் காத்திருந்தார்கள். மகளுக்கு விவாகம் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலை மறுநாள் காலைப் பூசையில் வாசிக்க வேண்டியது. பத்திரிகை அச்சாகி, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாயிற்று.

"சுவாமி, நாளைக்கு என் ஓலையை வாசிக்க வேண்டாம்" என்றாள் அந்தப் பெண்.

மாப்பிள்ளை குடிப்பவரா, வேறு பெண்ணோடு தொடுப்பு உள்ளவரா, வரதட்சணைப் பேச்சு ஏதேனும் எழுந்ததா என்று ஒவ்வொன்றாய் விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையசைத்தாள். கடைசியில் வந்தது காரணம்: "அவரிடத்தில் ரொமான்ஸே இல்லை, சுவாமி."

தாயார் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "அதென்ன சாமி, ஏதாவது வியாதியா? டாக்டரிடத்தில் காட்டினால் சரியாகுமா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, அந்தப் பெண்ணின் கண்களில் நீர் நின்றது.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. நிச்சயமான நாள் முதல் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூ படமும் அதன் கீழ் இங்கிலீஷில் இரண்டு வரியும் வரும். இரவில் நிலாப் படமும் இன்னும் இரண்டு வரியும் வரும். எல்லாம் ஆயத்தமாய்க் கிடைக்கும் வரிகள். தொலைபேசியில் பேசினாலோ, இங்கிலீஷில் நாலு வார்த்தை, அப்புறம் மௌனம். "மூன்று மாதமாகிறது. சொந்தமாக ஒரு வரி அவர் எழுதியதில்லை. இவர் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. தெரியாதவரோடு சாகும்வரை வாழ்வதாக எப்படி வார்த்தைப்பாடு கொடுப்பது?" என்றாள்.

கேள்வி நியாயமானதுதான். சம்மதமில்லாமல் மெய்விவாகமில்லை என்பது திருச்சபையின் சட்டம். ஓலையை ஒரு வாரம் நிறுத்திவைக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்றிரவு அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரியவர்கள் பலருக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே சினிமா நினைவு வந்து முகம் சுளிக்கிறது; இளைஞருக்கோ அது இல்லாவிட்டால் விவாகமே சப்பென்று தோன்றுகிறது. இந்த இரண்டு கட்சியாரும் அந்த வார்த்தை பிறந்த வீட்டைப் போய்ப் பார்த்ததில்லை. அன்றிரவு நான் கற்றதையும், குருமடத்தில் படித்த கொஞ்சம் லத்தீனில் இன்னும் மறவாமல் இருப்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். (மேலே சொன்ன இருவருடைய உத்தரவும் பெற்று, அடையாளங்களைச் சற்று மாற்றியே எழுதுகிறேன். யார் யார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.)

முதலில் ஒரு வேடிக்கை. நம்மை ரோமன் கத்தோலிக்கர் என்கிறார்களே, அந்த "ரோமன்" என்ற வார்த்தையும் இந்த "ரொமான்ஸ்" என்ற வார்த்தையும் ஒரு தாய்ப் பிள்ளைகள். இரண்டுக்கும் வேர் ரோமாபுரி. ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவே இல்லை. பின்வரிசையில் ஒரே சிரிப்பு.

நடந்தது என்னவென்றால், கி.பி. 476-இல் மேற்கு ரோம சாம்ராச்சியம் விழுந்தபிறகும் லத்தீன் விழவில்லை. கோயிலிலும், சட்டத்திலும், பள்ளிக்கூடத்திலும், புஸ்தகத்திலும் அதுதான் பாஷையாயிருந்தது. ஆனால் சந்தையிலும் அடுப்பங்கரையிலும் ஜனங்கள் பேசிய லத்தீன் ஊருக்கு ஊர் திரிந்து, தலைமுறைக்குத் தலைமுறை மாறி, எழுதப்பட்ட லத்தீனைவிட்டு வெகுதூரம் போய்விட்டது. நம்முடைய செந்தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப்போல் நாலு மடங்கு. இப்படி வீட்டில் பேசும் பேச்சுக்கு ஒரு பெயர் வேண்டுமே. "ரோமர் வழக்கப்படி" என்ற பொருளில் "ரொமானிச்சே" என்றார்கள். லத்தீனில் எழுதினான் என்பது ஒன்று. ரொமானிச்சே எழுதினான், அதாவது ஜனங்கள் பேசுகிறபடி எழுதினான் என்பது மற்றொன்று. இந்த ரொமானிச்சே பிரான்சு தேசத்தார் வாயில் தேய்ந்து "ரொமான்ஸ்" ஆயிற்று. போர்த்துக்கீஸ், ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியன், ருமேனியன் ஆகிய பாஷைகளை இன்றைக்கும் பண்டிதர்கள் ரொமான்ஸ் பாஷைகள் என்றே வழங்குகிறார்கள்.

ஆகவே இந்த வார்த்தையின் முதல் அர்த்தத்தில் ரோஜாப்பூவும் இல்லை, நிலாவும் இல்லை. வீட்டுப் பேச்சு; அவ்வளவுதான்.

இந்த வீட்டுப் பேச்சைத் திருச்சபையே ஒரு சமயம் கைதூக்கிவிட்டது. 813-ஆம் வருஷம், பெரிய சார்ல்ஸ் என்னும் சார்லமேன் சக்கரவர்த்தியின் காலத்தில், பிரான்சு தேசத்துத் தூர் நகரில் மேற்றிராணிமார் சங்கமாய்க் கூடினார்கள். பிரசங்கம் லத்தீனில் நடக்கிறது, கேட்கிறவர்களுக்கு விளங்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் பிரசங்கங்களை நாட்டுப்புற ரோம பாஷையிலாவது ஜெர்மானிய பாஷையிலாவது பெயர்த்துச் சொல்லி, எல்லாரும் எளிதில் அறிந்துகொள்ளும்படி செய்யவேண்டும் என்று கட்டளையிட்டார்கள். நம் பங்கில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்களுக்கு இதன் சுவை நன்றாய்த் தெரியும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகுதானே பூசை தமிழுக்கு வந்தது? அதற்குமுன் என் பாட்டியார் லத்தீன் பதில்களையெல்லாம் பிழையில்லாமல் சொல்வாராம். அர்த்தம் ஒன்றுக்கும் தெரியாதாம். முதல் தமிழ்ப் பூசையன்று, இத்தனை நாளும் சுவாமியார் இதையா சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்டாராம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சற்று விரித்தே சொல்கிறேன்.

சார்லமேனின் மகன் இறந்தபின், அவருடைய மூன்று பிள்ளைகளுக்குள் சாம்ராச்சியத்துக்காகச் சண்டை மூண்டது. மூத்தவன் லோத்தேர் முழுவதையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தான். இளையவர் இருவரும், கிழக்கே ஜெர்மானியரை ஆண்ட லூயியும் மேற்கே பிரான்சு பக்கத்தை ஆண்ட சார்ல்ஸும், அவனுக்கு எதிராய் ஒன்றுசேர்ந்தார்கள். இவர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளல்லர். தகப்பன் ஒருவர், தாய் வெவ்வேறு. நேற்றுவரை ஒருவர் நாட்டை ஒருவர் பிடுங்கப் பார்த்தவர்கள். இவர்களை ஒருவரையொருவர் எப்படி நம்புவது? ஸ்திராஸ்பூர் நகரில் இரு சேனைகளும் எதிரெதிரே நிற்க, இருவரும் ஆணையிட்டார்கள். எந்தப் பாஷையில் என்பதைக் கவனியுங்கள். ஜெர்மானியரின் அரசனான லூயி, சார்ல்ஸின் சேனை விளங்கிக்கொள்ளும்படி ரொமான்ஸ் பாஷையில் ஆணையிட்டான். மேற்கத்தி அரசனான சார்ல்ஸ், லூயியின் ஆட்களுக்கு விளங்கும்படி ஜெர்மானிய பாஷையில் ஆணையிட்டான். தத்தம் கௌரவமான லத்தீனில் சொல்லியிருக்கலாம். அல்லது தத்தம் சொந்தப் பேச்சில் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், மற்றவனுடைய வீட்டுப் பேச்சைத் தன் நாவில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய உறவினரான நித்தார்டு என்பவர் அந்த வாசகங்களை அப்படியே தம் சரித்திரத்தில் எழுதிவைத்தார். ரொமான்ஸ் பாஷையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வாசகம் அதுவேயென்று மதிக்கப்படுகிறது.

அந்த ஆணை நடந்த நாள் 842-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 14-ஆம் தேதி. ஆம், இக்காலத்தில் தாம்பரம் ரயிலடிப் பூக்கடைகளில் ஒரு ரோஜாப்பூ மூன்று பங்கு விலைக்கு விற்கிறதே, அதே தேதி. இது தற்செயல், இதை ஒரு அற்புதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தச் சகோதரர்கள் பிராங்க் என்னும் குலத்தார். அந்தப் பெயரைத்தான் அரபியரும் பாரசீகரும் "பரங்கி" என்ற சாயலில் வழங்கி, ஐரோப்பியர் எல்லாருக்கும் பொதுப் பெயராக்கினார்கள். போர்த்துக்கீசர் இங்கே வந்தபோது நம் ஜனங்களும் அவர்களைப் பரங்கியர் என்றார்கள்; அவர்கள் குடியேறிய மலைப்பக்கம் பரங்கிமலை ஆயிற்று. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பரங்கிமலையில் இறங்குகிறபோதெல்லாம் நீங்கள் அந்த அரசர்களின் குலப்பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இறங்குகிறீர்கள்.

சரி, வீட்டுப் பேச்சு எப்படிக் காதல் ஆயிற்று?

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து அரண்மனைகளில், லத்தீன் படியாத பிரபுக்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கேட்டு மகிழ, வீட்டுப் பாஷையில் நீண்ட கதைப்பாட்டுகள் எழுந்தன. ரொமான்ஸில் எழுதின கதையாகையால் கதைக்கே ரொமான்ஸ் என்று பெயராயிற்று. "தமிழ் படித்தேன்" என்று சொல்லித் தமிழ்ப் புஸ்தகத்தைக் குறிப்பதுபோல. குதிரைவீரர், மாயக்கோட்டை, அரக்கரோடு சண்டை, இழந்த ராச்சியம் என்று எல்லாம் அதில் உண்டு. காதல் அவற்றில் ஒன்றுதான். ஆனால் கேட்போருக்கு அதுவே மிகவும் பிடித்துவிட்டது. கிரேத்தியன் என்ற புலவர், ஷம்பாஞ் நாட்டு மாரி என்னும் பிரபுவின் மனைவி கேட்டுக்கொண்டபடி, லான்சிலோத்து என்னும் வீரனைப்பற்றிப் பாடினார். அந்த வீரன் யாரை நேசிக்கிறான்? தன் அரசனாகிய ஆர்தரின் மனைவியை. எட்டாத பெண், படாத பாடு, உருகும் வீரன். இந்த அச்சுதான் பிறகு எண்ணூறு வருஷம் ஓடியது. என் புத்திக்கு, வார்த்தை கோணிக்கொண்ட இடம் இதுவே. ஒருவருக்கொருவர் விளங்கும்படி பேசுவது என்றிருந்தது, ஒருவர் மற்றவரை எட்டாமலே ஏங்குவது என்றாகிவிட்டது.

இந்தக் கதைகளுக்கு இருந்த மோகம் கொஞ்சமல்ல. அர்ச். அவிலா தெரேசம்மாள் சிறுமியாயிருந்தபோது தன் தாயாரோடு சேர்ந்து, தகப்பனார் கண்ணில் படாமல் இவற்றைப் படித்ததாகத் தானே எழுதியிருக்கிறாள். அர்ச். இஞ்ஞாசியார் 1521-இல் பம்பலோனா யுத்தத்தில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுத்திருக்கையில், பொழுதுபோக இப்படிப்பட்ட வீரக்கதை ஒன்று கேட்டார். லொயோலா மாளிகையில் அது ஒன்றும் இல்லை. சேசுநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமும்தான் கிடைத்தன. அந்த வீட்டில் ஒரு நல்ல கதைப்புஸ்தகம் இருந்திருந்தால் சேசுசபையே ஏற்பட்டிருக்குமோ என்னவோ! பின்பு 1605-இல் செர்வாந்தஸ் என்ற ஸ்பானிய ஆசிரியர், இக்கதைகளைப் படித்துப் படித்தே புத்தி கலங்கின டான் கிஹோட்டே என்ற கிழவனாரைப் படைத்து எல்லாரையும் சிரிக்கவைத்தார். அதிலே அந்தக் கிழவனாரின் புஸ்தகங்களைச் சோதித்து நெருப்புக்கு அனுப்புகிறவர் யார் தெரியுமா? ஊர் நாவிதரும் பங்குசுவாமியாரும். ஆகையால் நான் இந்த விஷயத்தில் கையில் தீப்பெட்டி இல்லாமல்தான் பேசுகிறேன்.

மற்றதை விரைவாய்ச் சொல்லிவிடலாம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இன்றுவரை நாவலுக்கு "ரோமான்" என்றே பெயர். இங்கிலீஷ்காரர் மட்டும் நாவலுக்கு இத்தாலியனிலிருந்து வேறு வார்த்தை வாங்கிக்கொண்டு, ரொமான்ஸ் என்பதை அதிசயக் கதைகளுக்கு ஒதுக்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் "ரொமான்டிக்" என்றால் கதைகளில் வருவதுபோன்றது, நம்பத்தகாதது என்று அர்த்தம். பிறகு பாழடைந்த கோட்டைக்கும் மலையருவிக்கும்கூட அந்த அடைமொழி ஏறியது. ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள காதல் விவகாரமே ரொமான்ஸ் என்று சொல்வது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய வழக்கம். நூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான் அதற்கு வயது. மீதியைச் சினிமா பார்த்துக்கொண்டது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். ரொமான்ஸ் பாஷை எதுவும் நமக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். காலையில் எழுந்து ஜன்னலைத் திறக்கிறீர்கள். அலமாரிச் சாவியைத் தேடுகிறீர்கள். மேசைமேல் கோப்பையை வைக்கிறீர்கள். துவாலையால் முகம் துடைத்து, சட்டைக்குப் பொத்தான் மாட்டுகிறீர்கள். ஜன்னல், அலமாரி, சாவி, மேசை, கோப்பை, துவாலை, பொத்தான் ஆகிய ஏழும் போர்த்துக்கீஸ் வார்த்தைகள். போர்த்துக்கீஸோ ரொமான்ஸ் பாஷை. உங்கள் பங்குசுவாமியாரைப் பாதிரி என்று அயலார் சொல்வதும் அதுவே. மயிலாப்பூரில் 1516-இல் எழுந்த பிரகாச மாதா கோயிலால் அந்த வட்டாரத்துக்கே லஸ் என்று பெயர் வந்தது. அதுவும் போர்த்துக்கீஸ், வெளிச்சம் என்று அர்த்தம். எல்லாம் வீட்டுச் சாமான்களின் பெயர்கள் என்பதைக் கவனித்தீர்களா? பாஷை பாஷையோடு கலந்தது அடுப்பங்கரை வழியாகத்தான்.

அந்தப் போர்த்துக்கல் தேசத்திலிருந்து வந்த சேசுசபைக் குரு அண்ட்ரிக் அடிகளார். 1546-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் துபாஷி இல்லாமல் ஜனங்களோடு பேசவேண்டுமென்று தமிழைக் கஷ்டப்பட்டுக் கற்றார். அவருக்கு முன்பே 1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ் ஜெபங்கள் அச்சாயின. ஆனால் ரோம எழுத்தில். நம் ஜனங்கள் எப்படிப் படிப்பார்கள்? 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே "தம்பிரான் வணக்கம்" என்ற பதினாறு பக்கச் சிறு நூலை அவர் அச்சிட்டார். 1586-இல் "அடியார் வரலாறு" வந்தது, அர்ச். இஞ்ஞாசியார் கால் முறிந்து கிடக்கையில் படித்தாரே, அந்த வகை அர்ச்சியசிஷ்டவர் சரித்திரந்தான். பிறகு வீரமாமுனிவர், தேம்பாவணி பாடிய அந்தச் செந்தமிழ்ப் புலவர், ஜனங்கள் பேசும் தமிழுக்கென்று தனியே ஓர் இலக்கணம் லத்தீனில் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. கொடுந்தமிழ் என்று பண்டிதர் ஒதுக்கியதற்கும் ஓர் இலக்கணம் உண்டென்று காட்டினவர் அவர்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டால் நம்மவரே என்னை மன்னிக்கமாட்டார்கள். தமிழில் முதல் ரொமான்ஸ், அதாவது பிரெஞ்சுக்காரர் சொல்லும் பொருளில் முதல் நாவல், எழுதினவர் ஒரு கத்தோலிக்கர்: மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் குளத்தூரில் பிறந்தவர், 1889-இல் இறந்தார். கோர்ட்டுத் தீர்ப்புகள் இங்கிலீஷில் கிடந்து ஜனங்களுக்கு எட்டாதிருந்ததைக் கண்டு, அவற்றைத் தமிழில் "சித்தாந்த சங்கிரகம்" என்று தொகுத்துக் கொடுத்தவர். பெண்கள் படிக்கவேண்டுமென்று 1869-இல் "பெண்மதி மாலை" வெளியிட்டவர். 1879-இல் அவருடைய "பிரதாப முதலியார் சரித்திரம்" வந்தது. தமிழில் வசன நூல்கள் போதாது என்ற குறையைத் தீர்க்கவே எழுதியதாக அவரே முன்னுரையில் சொல்லுகிறார். தமிழர் கோர்ட்டில் தமிழருக்கு விளங்காத இங்கிலீஷில் வாதாடுவதை அந்தக் கதைக்குள்ளேயே ஓரிடத்தில் கண்டிக்கிறார்.

அந்த நாவலில் என்னைக் கவர்ந்தது இது. பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் கலியாணம் நடக்கிறது. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. லான்சிலோத்து கதையைப்போல எட்டாத பெண்ணை ஏங்குவதும் இல்லை. நம் சினிமாவைப்போலத் தாலி கட்டினதும் திரை விழுவதும் இல்லை. கலியாணத்துக்குப் பிறகுதான் இருவரும் பிரிந்து, அவள் ஆண்வேஷம் பூண்டு ஒரு ராச்சியத்துக்கே அரசாகி, நீதி செலுத்தி, பின்பு புருஷனைச் சேர்கிறாள். இருவரில் அவளே புத்திசாலி. அவனுக்கு அது தெரியும். அதைச் சொல்ல அவன் வெட்கப்படுவதுமில்லை. நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாயிற்று. உங்கள் வீட்டில் அந்தப் புஸ்தகம் இல்லையென்றால் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். மணமக்கள் கட்டாயம் படிக்கவேண்டும். பழைய நடை முதல் பத்துப் பக்கம் முரண்டும்; பிறகு பழகிவிடும். உபதேசங்கள் நீளமாய் வரும் இடங்களில் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசங்கியாகிய எனக்கே சில இடங்களில் கொட்டாவி வந்தது.

இனி அந்த மாப்பிள்ளை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடே அறைவீட்டுக்கு வந்தார். வாட்டசாட்டமான, கூச்சமுள்ள பிள்ளை. நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தார். ரோஜாப்பூப் படங்களைப் பற்றிக் கேட்டேன். அலுவலகத்தில் ஒரு சிநேகிதர் யோசனை சொன்னாராம். அந்தப் பெண் கணக்கு டீச்சர், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள், அவளுக்கு இப்படித்தான் பிடிக்கும் என்று.

"நீர் உமது பேச்சிலேயே பேசினால் என்ன?" என்றேன்.

வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எங்க ஊர்ப் பேச்சு வந்துரும் சாமி. நிச்சயதார்த்தத்து அன்னைக்கு நான் ஒரு வார்த்தை பேசினேன், அவிய வீட்டுச் சின்னப் பிள்ளையெல்லாம் சிரிச்சிட்டாவ. அதுலேந்து வாயே வரல."

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்தச் சிரிப்பை அந்தப் பெண் மறந்தே போயிருப்பாள். இவர் மறக்கவில்லை. மெட்ராஸ் தமிழ் பேசி வளர்ந்த நாம் தெற்கத்தியார் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதும், அவர்கள் நம்முடையதைக் கேட்டுச் சிரிப்பதும் விளையாட்டாகத்தான் நடக்கிறது. விளையாட்டு ஒருவரை ஊமையாக்கிவிட்டது. நம் புறநகர்களிலே இப்படி எத்தனை வீடுகளோ! ரயில்வே வேலைக்கும், விமானப்படைத் தளத்துக்கும், தொழிற்சாலைக்கும் நாலா திசையிலிருந்தும் வந்து குடியேறின பங்கு நம்முடையது. நாஞ்சில் நாட்டு மருமகள் செங்கல்பட்டு மாமியார் வீட்டில் வாய்திறக்கப் பயப்படுவதை நானே வீடு மந்திரிக்கப் போன இடத்தில் கண்டிருக்கிறேன்.

ஸ்திராஸ்பூர் அரசர்களின் கதையை அவருக்குச் சொன்னேன். கவனமாய்க் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த ராசா அடுத்தவுக பாஷையைத் தப்புந் தவறுமா பேசும்போது சேனையெல்லாம் சிரிச்சிருக்காதா சாமி?" என்றார்.

"சிரித்திருக்கும். ஆனால் நம்பியது" என்றேன். கூட்டு முறியவில்லை என்பது சரித்திரம்; மறு வருஷமே, 843-இல், வெர்தன் நகரில் மூவரும் சமாதானமாகி நாட்டைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அவருடைய சொந்த ஊரைப்பற்றி விசாரித்தேன். நான் முன்பு சொன்ன அண்ட்ரிக் அடிகளார் தமிழ் கற்ற கடற்கரை அது. பரங்கி தேசத்து வித்துவான் ஒருவர் ஏழு கடல் தாண்டி வந்து, இவருடைய பாட்டன் பூட்டனிடத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பேச்சு இது. இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை முதல்முறையாக நாற்காலியில் நன்றாய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் வேறொன்றும் புத்திமதி சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பெண்ணையும் கூப்பிட்டு அந்தச் சிரிப்பைப்பற்றிக் கேட்டேன். நான் நினைத்தபடியே அவளுக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது முகம் வாடிவிட்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி, நான் செபமாலை முடித்த நேரம், தொலைபேசி அடித்தது. அந்தப் பெண்தான்.

"சுவாமி, தொந்தரவுக்கு மன்னிக்கவேணும். நேற்று ராத்திரி அவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அவர் அப்பா கடலில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்த கதை, அம்மா கரையில் நின்ற கதை, எல்லாம் சொன்னார். பாதி வார்த்தை எனக்கு விளங்கவில்லை. நிறுத்தி நிறுத்தி அர்த்தம் கேட்டேன். ஒன்றுக்கு மட்டும் கேட்க மறந்துபோனேன். கச்சான், கச்சான் என்கிறாரே, அது என்ன சுவாமி?"

கச்சான் என்பது மேற்கேயிருந்து வீசும் காற்று என்று எனக்குத் தெரியும். "எனக்கெப்படி அம்மா தெரியும், நான் செங்கல்பட்டான். அவரையே கேள்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாம் ஓலையை அந்த ஞாயிறு வாசித்தேன்.